வாஷ் கரையில் வாத்து வேட்டை: முதல் வருடம் எந்த கிளப், எவ்வளவு தூரம்?

3 ஜூன் 2023 – வாசகர் கேள்வி

அண்ணே, பீட்டர்பரோ வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஷாட்கன் சர்டிபிகேட் போன மாதம் கைக்கு வந்தது. களிமண் தட்டு சுடும் மைதானத்தில் எட்டு மாதமாகப் பழகுகிறேன். கடற்கரைச் சதுப்பில் வாத்து, கூஸ் (பெரிய காட்டு வாத்து) வேட்டைக்குப் போக ஆசை. பக்கத்து கிளப்பில் கேட்டால் காத்திருப்புப் பட்டியல் என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் காசு கட்டினால் கைடு வைத்து மூன்று நாளில் கூஸ் அடித்துவிட்டு வரலாம் என்று வேலை இடத்தில் ஒருவர் சொல்கிறார். எதில் ஆரம்பிப்பது? கிளப் என்றால் எந்த கிளப்?

3 ஜூன் 2023, இரவு

முதல் வருடம் ஸ்காட்லாந்து வேண்டாம். இருட்டில் எழுந்து பத்து முறையாவது போய்வரக்கூடிய சதுப்பு எதுவோ, அந்த கிளப்பில் சேர். உனக்கு அது வாஷ், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லிங்கன்ஷயருக்கும் நார்ஃபோக்குக்கும் நடுவே இருக்கும் விரிகுடா. நீ இருக்கும் இடத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். அந்தக் கரையில் ஒன்றல்ல, பல கிளப்புகள் இருக்கின்றன: ஃபென்லேண்ட், கெட்னி டிரோவ் எண்ட். வாஷைத் தாண்டி நார்ஃபோக்கின் வட கரையில் வெல்ஸ். ஒன்றில் இடம் இல்லையென்றால் அடுத்ததைக் கேள்.

கிளப் எதற்கு, நேராக இறங்கிவிட்டால் என்ன என்று கேட்பாய். நானும் கேட்டேன். பார்க்க யாருக்கும் சொந்தமில்லாத சேற்றுவெளி மாதிரிதான் இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் இந்தக் கரையில் ஏறக்குறைய பாதி, அரச நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் கிரவுன் எஸ்டேட்டின் கையில், மீதி தனியாரிடமும் அறக்கட்டளைகளிடமும். வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருப்பவை கிளப்புகள். அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு இறங்கினால் அது ஆயுதத்தோடு அத்துமீறிய குற்றம். நீ மாதக்கணக்கில் காத்திருந்து, டாக்டர் கடிதம் வாங்கி, போலீஸ் வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போய் வாங்கிய சர்டிபிகேட் ஒரே காலையில் போய்விடும்.

இன்னொன்று. காத்திருப்புப் பட்டியலைத் திமிர் என்று நினைக்காதே. இந்தச் சதுப்புகள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட நிலம். எத்தனை பேர் எத்தனை தடவை இறங்கலாம் என்பதற்கு கிளப், அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் சம்மதம் வாங்கியிருக்கும். அந்தக் கணக்குக்கு மேல் ஆள் சேர்த்தால் எல்லோருக்கும் போச்சு.

4 ஜூன் 2023

நேற்று முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். உனக்கு எந்த நாள் லீவு?

நார்ஃபோக்கில் ஞாயிற்றுக்கிழமை வாத்து சுடக்கூடாது. சட்டமே அப்படி. டெவன், கார்ன்வால், சாமர்செட் எல்லாம் அதே பட்டியலில் வரும். ஸ்காட்லாந்து முழுக்க ஞாயிறும் கிறிஸ்துமஸும் கிடையாது. லிங்கன்ஷயரில் ஞாயிறு தடை இல்லை. ஒரே வாஷ், ஒரே தண்ணீர், ஒரே பறவை. மேற்குக் கரையில் நின்றால் ஞாயிறு சுடலாம், கிழக்குக் கரைக்குப் போனால் கூடாது. அதோடு கிளப் தனக்கென்று நாள் விதி வைத்திருக்கும், அதையும் கேட்டுக்கொள்.

நான் ஷிப்ட் வேலை. ஞாயிறுதான் நிச்சயமாகக் கிடைக்கிற நாள். லிங்கன்ஷயர் கிளப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான், பறவை எண்ணிக்கை இல்லை.

9 ஜூன் 2023

திருத்தம். நீ தனியாக எழுதிக் கேட்டதற்கு சீசன் ஜனவரி 31-ல் முடியும் என்று சொன்னேன். அது உள்நாட்டுக் குளம், வயல், ஆற்றோரத்துக்கு. பெரிய ஓதத்தில் கடல் ஏறித் தொடும் உயர்நீர்க்கோட்டுக்குக் கீழே, அதாவது நம் கரைவெளியில், வாத்துக்கும் கூஸுக்கும் பிப்ரவரி 20 வரை. ஆரம்பம் இரண்டுக்கும் செப்டம்பர் 1. கடல்சுவருக்கு இந்தப் பக்கம் பிப்ரவரி 5-ம் தேதி சுட்டால் குற்றம், அந்தப் பக்கம் இறங்கிச் சுட்டால் சரி. கோடு எங்கே என்பதை கிளப் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்.

17 ஜூன் 2023

கிளப்புக்கு எப்படிப் போய் நிற்பது என்று கேட்டிருக்கிறாய். மின்னஞ்சல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே. கோடையில் எல்லா கிளப்பும் வேலை நாள் வைக்கும். பலகைப் பாலம் சரி செய்வது, கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் பொறுக்குவது, கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பது. அங்கே போய் நில். வேலை செய். யாரும் உன்னை எங்கிருந்து வந்தாய் என்று விசாரிக்கமாட்டார்கள், சுத்தியலைத்தான் நீட்டுவார்கள். நான் 2018 ஜூலையில் போனபோது எனக்குத் துப்பாக்கியே கிடையாது. மூன்று வேலை நாள் முடிந்ததும் செயலாளர் விண்ணப்பத் தாளை அவராகவே எடுத்துக் கொடுத்தார்.

அங்கே ஒரே ஒரு கேள்வி கேள்: முதல் வருடம் என்னை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? பல கிளப்புகளில் புது ஆளுக்குப் பழகுகாலம் உண்டு, பழைய உறுப்பினர் ஒருவரோடுதான் இறங்க வேண்டும். பறவை அடையாளத் தேர்வும் வைப்பார்கள். அந்தப் பதிலில் ஓர் ஆளின் பெயர் வந்தால் சேர். 'அதெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள்' என்றால், சந்தா குறைவாக இருந்தாலும் சேராதே.

பறவைத் தேர்வுக்கு இப்போதே ஆரம்பி. சுடலாம்: மல்லார்ட், கிளுவை, விஜன், ஊசிவால், தட்டைவாயன் இன்னும் சில. கூஸில் பிங்க்ஃபுட், கிரேலாக், கனடா. தொடவே கூடாதவை: பிரென்ட் கூஸ், பார்னக்கிள் கூஸ், ஷெல்டக், கர்லூ. வாஷில் பிரென்ட் கூட்டம் கூட்டமாக வரும். மங்கலில் கறுப்பு உருவமாக உன் தலைக்கு மேலேயே போகும். குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும். பிங்க்ஃபுட் இரண்டு மூன்று தடவை சேர்ந்தாற்போல் 'விங்க்-விங்க்' என்று உயர்ந்த குரலில் கத்தும். பிரென்ட் அடித்தொண்டையில் உருளும். இதைத் துப்பாக்கி இல்லாமல்தான் கற்க வேண்டும். ஃப்ராம்ப்டன் மார்ஷ், ஸ்னெட்டிஷம் இரண்டும் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபியின் சரணாலயங்கள். பைனாகுலரோடு போய் உட்கார்.

விஜனுக்கு நம்மூர்ப் பெயர் நாமத்தலை வாத்து. ஆண் பறவையின் செம்மண் நிறத் தலையில் நெற்றியில் வெண்ணெய் நிறக் கோடு. பெயரை வைத்தவர் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். இங்கே ஒரு புதியவருக்கு அடையாளம் சொன்னபோது இந்த நாமக் கதையைத்தான் சொன்னேன். அவர் மறக்கவே இல்லை.

30 ஜூலை 2023

சாமான் பட்டியல் கேட்டாய். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டைக்கு இங்கே 'வேடர்ஸ்' என்று பெயர். தமிழ்க் காதுக்குச் சரியாகத்தான் விழுகிறது. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊன்றிப் பார்க்கத் தடி, திசைகாட்டி, இரண்டு டார்ச், விசில், நீர் புகாத உறையில் போன். துப்பாக்கி பழையதாக இருக்கட்டும், உப்புத் தண்ணீர் எதையும் விட்டுவைக்காது.

தோட்டாவில் ஈய ரவை கூடாது. இங்கிலாந்தில் 1999-லிருந்தே வாத்து, கூஸுக்கும் கரைவெளிக்கும் தடை. வாத்து இரையை அரைக்கச் சிறுகல் விழுங்கும், கல்லென்று நினைத்து ஈயத்தையும் விழுங்கும், நஞ்சேறிச் சாகும். எஃகு ரவையோ பிஸ்மத்தோ வாங்கு. தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடைத்தால் எஃகு போடுவதற்கு முன் துப்பாக்கிப் பட்டறையில் காட்டு. எல்லாக் குழலும் எஃகைத் தாங்காது.

நாய் வாங்க அவசரப்படாதே. முதல் வருடம் நாய் வைத்திருப்பவர் பக்கத்தில் நில். அடிபட்டு விழுந்த பறவை ஓடையில் மிதந்து போனால் உன்னால் எடுக்க முடியாது, லேப்ரடாரால் முடியும்.

19 ஆகஸ்ட் 2023

இன்னும் இரண்டு வாரம்தான். இதை மட்டும் நிதானமாகப் படி.

2019 செப்டம்பர் கடைசி வாரம், எனக்கு முதல் சீசன். என்னைக் கூட்டிப்போகும் பெரியவர் அன்று கடல்சுவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார், மூட்டு வலி. நான் அறுநூறு தப்படி முன்னால் போய் ஓர் ஓடையைப் பலகையில் தாண்டி உட்கார்ந்தேன். அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதம். அட்டவணையில் உச்சம் ஆறே முக்கால் என்று பார்த்து வைத்திருந்தேன். ஆறே முக்காலுக்குத் தண்ணீர் புல்லின் அடியில் வந்து நின்றது. சரி, இனி வடியும் என்று நினைத்தேன். கிளுவைகள் ஏழெட்டு தாழப் பறந்து வந்துகொண்டிருந்தன. கண் முழுக்க அங்கேதான்.

அட்டவணை கிரீன்விச் நேரத்தில் அச்சடித்தது. செப்டம்பரில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். உச்சம் ஏழே முக்காலுக்கு.

ஏழு மணிக்கு என் முதுகுப் பக்கம் ஓடை சத்தமில்லாமல் நிரம்பியிருந்தது. வெள்ளம் முன்னாலிருந்து அலையடித்துக்கொண்டு வரும் என்றுதான் நாம் நினைப்போம். சதுப்பில் அது பின்னாலிருந்து, ஓடை வழியாக வரும். பலகை எங்கே என்று தெரியவில்லை. ஓடை அகலம் இரண்டு ஆள் நீளம், நிறம் டீ மாதிரி. பெரியவர் சுவர் மேல் ஏறி டார்ச்சை ஒரே இடத்தில் அசைத்துக் காட்டினார். அந்த வெளிச்சமும் நானும் ஒரே கோட்டில் வரும் வரை பக்கவாட்டில் நடந்தேன், தடியை ஊன்றினேன், பலகை தட்டுப்பட்டது. இடுப்பளவு தண்ணீரில் தாண்டினேன். நடுவில் ஒரு கால் பலகையை விட்டு இறங்கியது, சேறு அதைப் பிடித்துக்கொண்டது. தடி இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

சுவர் ஏறியதும் அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, பேனா எடுத்து, கடிகாரத்துக்குக் கீழே '+1' என்று எழுதினார். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வரை ஒவ்வொரு முறையும் நானே எழுதிக்கொள்கிறேன். நீயும் எழுது. அதற்குப் பக்கத்தில் சுவருக்குத் திரும்பும் திசையையும் எழுது. மூடுபனி இறங்கிவிட்டால் உன் மூளை சொல்வதை நம்பாதே, திசைகாட்டியை நம்பு.

19 ஆகஸ்ட் 2023, இன்னும் கொஞ்சம்

அட்டவணை சரியாக இருந்தாலும் காற்று மாற்றிவிடும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் இறங்கினால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும். வடக்கிலிருந்து பலத்த காற்று சேர்ந்தால் வட கடல் தண்ணீர் முழுக்க வாஷின் வாய்க்குள் திணிக்கும். 2013 டிசம்பர் 5 இரவு அப்படித்தான் லிங்கன்ஷயரின் பாஸ்டன் ஊருக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மேற்கே மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு ஓதத்தில் சிக்கி, சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் இறந்தார்கள். அந்தக் கரையை அறியாத, அதை எடுத்துச் சொல்ல ஆளும் இல்லாத வெளியூர்க்காரர்கள் அவர்கள். நீயும் நானும் இந்தக் கரைக்கு வெளியூர்தான். அதனால்தான் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

2 செப்டம்பர் 2023

முதல் நாள் ஒன்றும் சுடவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆறு வாத்து எட்டும் தூரத்தில் போயும் எது என்று தெரியாததால் துப்பாக்கியைத் தூக்கவில்லை என்றும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் கூட வந்தவர் செயலாளரிடம் இதைச் சொல்லியிருப்பார், பார்.

18 அக்டோபர் 2023

நான் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி மான்ட்ரோஸ் போகிறாயாம். நண்பர்கள் கூப்பிட்டார்கள், பெர்மிட் வாங்கியாயிற்று, வெள்ளிக்கிழமை அதிகாலை கிளம்புகிறோம் என்கிறாய். சரி, ஜூனில் நான் சொன்னதை இப்போது பேச வேண்டாம். வானிலையைப் பார்த்தாயா? பாபெட் புயலுக்குக் கிழக்கு ஸ்காட்லாந்தில் சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். மான்ட்ரோஸ் அதற்குள்தான் இருக்கிறது. சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து. காசு போனால் போகட்டும், கிளம்பாதே.

21 அக்டோபர் 2023

போகவில்லை என்ற ஒரு வரிக்கு நன்றி. பிரீக்கின் ஊரில் சவுத் எஸ்க் ஆறு தடுப்பைத் தாண்டி வீடுகளுக்குள் போய்விட்டது. அந்த ஆறு கடலில் சேருகிற இடம்தான் மான்ட்ரோஸ் பேசின், நீங்கள் அதிகாலை இருட்டில் நிற்க இருந்த சேறு.

இந்தச் சமயத்தில் ஸ்காட்லாந்து வேண்டாம் என்று முதலில் சொன்னதற்கு உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் நானும் போனேன், காசு கட்டி, கைடு வைத்து. யார், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எட்டு மணி நேரம் ஓட்டிப் போய் மூன்று மணி நேரம் தூங்கி, தெரியாத வயலில் ஒரு பள்ளத்தில் எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்தார். விடியும்போது பிங்க்ஃபுட் வந்தன. எத்தனை என்று எண்ணவில்லை, வானம் நிரம்பிய சத்தம். 'சுடுங்கள், சுடுங்கள்' என்றார். உயரம் எனக்குக் கண் மதிப்பிலேயே தெரிந்தது, அறுபது தப்படிக்கு மேல். எஃகு ரவைக்கு முப்பத்தைந்து, மிஞ்சினால் நாற்பது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்ற எண்ணம்தான் துப்பாக்கியைத் தூக்கியது.

ஒரு கூஸ் நடுவில் குலுங்கியது. விழவில்லை. கூட்டத்திலிருந்து மெதுவாகப் பின்தங்கி, ஒரு காலைத் தொங்கவிட்டபடி, தாழ்ந்து தாழ்ந்து காட்டுக்கு அந்தப் பக்கம் போனது. நான் தேடிப் போகலாம் என்றேன். அது அடுத்தவர் நிலம், அடுத்த கூட்டம் வருகிறது, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். அந்தத் தொங்கிய கால் இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது.

உன் சொந்தச் சதுப்பில் சுடாமல் திரும்புவது சுலபம், நாளை மறுபடி வரலாம். எட்டு மணி நேரம் ஓட்டி, ஓட்டல் வாடகை கொடுத்து வந்தவனுக்கு அது சுலபம் இல்லை. இப்போது பொய்வாத்து மிதக்கவிடும்போது கடைசி ஒன்றை முப்பத்தைந்து தப்படியில் வைக்கிறேன். அதைத் தாண்டியது என் பறவை இல்லை.

12 நவம்பர் 2023, தீபாவளி

காலையில் சதுப்பில் இருந்தேன். இரண்டு விஜன். நண்பகலுக்குள் வீடு வந்து எண்ணெய்க் குளியல், பலகாரம்.

ஒருவர் கேட்டிருக்கிறார்: 'வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைக்காக கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. நீங்கள் தீபாவளி காலையில் பறவையைச் சுட்டுவிட்டு வந்து எழுதுகிறீர்களே?'

என் அம்மா பிறந்த ஊர் அங்கிருந்து மிதிவண்டி தூரம். தீபாவளிக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போனால் பட்டாசு கிடையாது. பிள்ளைகள் அழுவோம், அம்மாச்சி அதிரசம் கொடுத்து அடக்கும். ஆகவே கேள்வி எனக்கு நேராகவே உறைக்கிறது.

எனக்குத் தெரிந்த பதில் இது. அங்கே கண்மாய் மரத்தில் தீபாவளிக் காலத்தில் கூடு, முட்டை, குஞ்சு. வெடிச்சத்தத்தில் தாய் எழுந்து போனால் குஞ்சு செத்தது. இங்கே வாஷுக்கு வருகிற விஜன் ரஷ்யாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் ஐஸ்லாந்திலும் குஞ்சு பொரித்து முடித்துவிட்டு, இரை தின்ன வருகிறது. கூடு கட்டும் காலத்தில் இங்கே சீசன் மூடியிருக்கும். சுட்டதை எல்லாம் கிளப்புக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறோம். காட்டு கூஸை விற்பது சட்டப்படி குற்றம், சாப்பிடத்தான் முடியும். வேட்டைக்காரர்கள் இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் இருந்ததால் தப்பிய சதுப்புகளும் உண்டு. பீட்டர் ஸ்காட் வாஷ் கரையில் சட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் கலங்கரை விளக்கத்தில் இருந்துகொண்டு கூஸ் வேட்டையாடியவர். 1946-ல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்காக அறக்கட்டளை தொடங்கியவரும் அவர்தான். பின்னாளில் துப்பாக்கியை விட்டுவிட்டார்.

கடைசி வரியை எழுதும்போதே என் பதில் முழுப் பதில் இல்லை என்று தெரிகிறது. அவர் விட்டார், நான் விடவில்லை. இந்தியாவில் 1972 சட்டப்படி வேட்டைக்கே இடமில்லை, அது சரி என்றுதான் நினைக்கிறேன். ஊரில் ஒருநாளும் துப்பாக்கி தூக்கமாட்டேன். நான் இங்கே என்ன செய்கிறேன் என்பதை அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை.

13 நவம்பர் 2023

சமையல் கேட்டவருக்கு: இறகைப் பிடுங்கி, நெருப்பில் வாட்டி, நெஞ்சை எலும்போடு இரண்டு நாள் குளிரில் தொங்கவிடு. விஜனும் கிளுவையும் புல்லும் விதையும் தின்பவை, கவிச்சி இருக்காது. சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, கறிவேப்பிலை. தேங்காய் வேண்டாம். நாட்டுக்கோழியை விட விரைவாக வெந்துவிடும், கண்டுகொள்ளாமல் விட்டால் ஈரலாகிவிடும். பல்லில் எஃகு ரவை கடிபடும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் விரலால் துழாவிப் பார்.

20 ஜனவரி 2024

ஒரு வாரமாக உறைபனி. ஓடை ஓரமெல்லாம் கண்ணாடி. நாளை போகலாமா என்று கேட்டாய், தம்பி. நான் போகவில்லை.

கடுங்குளிருக்கு ஒரு விதி இருக்கிறது. கரையோர வானிலை நிலையங்களில் நிலம் உறைந்த நாளை எண்ணுவார்கள். ஏழு நாள் ஆனால் வேட்டைக்காரர்களே அடக்கி வாசிக்கும்படி வேண்டுகோள் வரும். தொடர்ந்து உறைந்தே கிடந்தால் பதினைந்தாம் நாளிலிருந்து சட்டப்படி நிறுத்திவிடுவார்கள். நாள் எண்ணிக்கை வரும்வரை காத்திருக்காதே. நேற்று சுவர் மேல் நின்று பார்த்தேன். கிளுவைகள் எழும்பக்கூட யோசித்தன. பத்தடி பறந்து உட்கார்ந்துவிட்டன. இரை இல்லாத பறவையைப் பறக்க வைப்பதே அதன் உடம்பிலிருந்து திருடுவது. நாளை இரவு காற்று மாறி மழை வருகிறதாம். அதற்குப் பிறகும் நாலைந்து நாள் தின்னவிடு.

இன்னொன்று. பொங்கலன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், போனில். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: 'குஞ்சு இருக்கிற காலமா?' இல்லை என்றேன். 'எத்தனை பேர் சாப்பிட்டீங்க?' என்றாள். அவள் சம்மதித்தாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

21 பிப்ரவரி 2024

நேற்றோடு சீசன் முடிந்தது. ஜூனில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்.

முதலாவது, காரில் ஒரு மணி நேரம் என்று தூரத்தை வைத்து எழுதினேன். எத்தனை மைல் என்று பார்க்காதே. மூன்றரை மணிக்கு எழுந்தால் முதல் வெளிச்சத்துக்கு அரைமணி முன்னால் உன் இடத்தில் உட்கார முடியுமா, அதுதான் கணக்கு. பீட்டர்பரோவிலிருந்து தூரம் குறைவான சதுப்பு ஒன்றில் கார் நிறுத்தியபின் நாற்பது நிமிடம் நடக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தள்ளி இருப்பதில் ஐந்தே நிமிடம். வேலைக்குப் போய்க்கொண்டு பழகுகிறவனுக்கு இரண்டாவதுதான் பக்கம்.

இரண்டாவது, ஸ்காட்லாந்து. முற்றிலும் வேண்டாம் என்றது அதிகம். இந்த ஜனவரி கடைசியில் அங்கே சால்வே விரிகுடாக் கரையில் கார்லாவராக் போனேன். கைடு இல்லை. எங்கள் பெரியவரின் பழைய நண்பர் அந்தப் பக்கத்துக்காரர், அவரோடு. அங்கே வேட்டைக்குப் பெர்மிட் முறை உண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். முதல் நாள் துப்பாக்கியைக் காரிலேயே பூட்டிவிட்டு நடக்க வைத்தார். எந்த ஓடை முதலில் நிரம்பும் என்று காட்டினார். ஸ்வால்பார்ட் தீவின் பார்னக்கிள் கூஸ் எல்லாம் குளிருக்கு வந்து சேருவது சால்வேக்குத்தான். இரண்டு வருடத்துக்கு முன் பறவைக் காய்ச்சலில் அதில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனது. பார்னக்கிளின் நாய்க்குட்டிக் குரலுக்கு நடுவே பிங்க்ஃபுட்டைப் பிரித்துக் கேட்கும் வரை நீ தோட்டா போடக்கூடாது என்றார். இரண்டு காலையும் ஒரு மாலையும் போனோம். ஒரு பிங்க்ஃபுட், முப்பது தப்படி, அவருடைய நாய் எடுத்து வந்தது. அதுவே போதும் என்று திரும்பினேன்.

ஆகவே பயணம் போ. ஆனால் அந்த ஊர்ச் சேற்றைத் தெரிந்த ஆள் கூட வரட்டும், உன் சொந்தச் சதுப்பில் ஒரு சீசன் முடிந்திருக்கட்டும். வேட்டைக்காரர் சங்கமான பாஸ்க்கின் உறுப்பினருக்கு மற்ற கிளப் சதுப்புகளுக்குப் போக ஒரு பெர்மிட் திட்டம் இருக்கிறது. 1908-ல் ஹல்லில் ஸ்டான்லி டங்கன் தொடங்கிய சங்கம்தான் இன்று பாஸ்க். காப்பீடும் அதன் வழியாகவே வரும். அடுத்த சீசனுக்கு அதில் நாம் இருவரும் சேர்ந்து ஒன்று எழுதிப் போடலாம்.

உன் கணக்கு அட்டையை இந்த வாரமே கிளப்புக்கு அனுப்பு. பதினான்கு தடவை இறங்கி மூன்று வாத்து என்றாய். ஒன்றும் கிடைக்காத பதினொரு நாளையும் தேதி போட்டு எழுது. அந்தப் பூஜ்ஜியங்களை வைத்துத்தான் அடுத்த வருடம் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்வார்கள். காத்திருப்புப் பட்டியலில் இப்போது இருக்கிற முதல் ஆள் காரைக்குடிப் பையன், எனக்கு நேற்றுதான் எழுதினான்.

வேலை நாள் ஜூனில்தான் தொடங்கும். நம் பலகைப் பாலத்தில் மூன்றாவது பலகை ஆடுகிறது. சுத்தியல் நான் கொண்டுவருகிறேன்.